காக்காய்க்கடி

என் மகளுக்கு இரண்டரை வயதிலேயே டம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஆனாலும் சரி, அவர் எதிரே அவளை நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கவைத்துக் காட்டுவேன். பாதி வாய்க்குள் போகும், பாதி கவுனுக்குள் போகும். "பாத்தீங்களா?" என்பேன். வந்தவர் பாவம், தலையை ஆட்டிவிட்டு நகர்வார்.

எனக்கு எச்சில் என்றால் ஆகாது. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நாங்கள் வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். வெளியே கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் வந்தால் தமிழும் எச்சில் சட்டமும்தான். சாப்பிடுகிற கையால் கரண்டியைத் தொடக்கூடாது. பிஸ்கட்டைக் கடித்துவிட்டு டப்பாவுக்குள் கையை விடக்கூடாது. ஒருவர் வாய் வைத்த டம்ளரை இன்னொருவர் தொடுவதாவது! இந்தச் சட்டம் எனக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. கல்லூரியில் நண்பர்கள் ஒரே பாட்டிலை வாய் மாற்றி வாய் குடிக்கும்போது எனக்குக் குமட்டும்.

மனைவி மண்டியா பக்கத்துக் கன்னடக்காரி. எச்சிலுக்கு அவர்கள் பேச்சில் எஞ்சலு என்று பெயர். அவர்கள் வீட்டிலும் அது உண்டு, ஆனால் ஊறுகாய் அளவுக்குத்தான். எங்கள் வீட்டில் அதுதான் சோறே. கல்யாணமான புதிதில் அவள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு ராகி முத்தையை, நம் களியைத்தான், கிள்ளி என் வாயருகே ஆசையாகக் கொண்டுவந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லட்டும், என்ன செய்வது, திருப்பிக்கொண்டது உண்மைதான்.

அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். எனக்குக் கணினி வேலை, வீட்டிலிருந்தே. ஆகவே மகளுக்குச் சோறு ஊட்டியது, தலைவாரியது, அண்ணாந்து குடிக்கப் பழக்கியது எல்லாம் நான்தான். அவளோடு மனைவி கன்னடம் பேசுவாள், நான் தமிழ் பேசுவேன். மகள் ஆளுக்கு ஏற்ற மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுவாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாலு வயது நெருங்கி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று போகும்வரை.

அங்கே சேர்ப்பதற்கு முன் குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பார்களாம். அதற்கென்று ஒரு மேடம் இருந்தார். சின்ன வயது, சிரித்த முகம், காட்டன் புடவை. எங்கள் இருவரையும் மூலையில் இரண்டு குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து, வாயே திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். எதிரே பாயில் மகள். மேடம் ஒரு பெட்டியைத் திறந்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், அடுக்கினாள். நிறம் கேட்டார், பச்சையை மட்டும் தமிழில் சொன்னாள், மற்றதெல்லாம் கன்னடத்தில். நான் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன், எப்படி என்கிற மாதிரி.

பிறகு மேடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்தார். வெறும் கோப்பை. அதை உதட்டில் வைத்து உறிஞ்சுவதுபோல் சத்தம் எழுப்பி, "ஆஹா!" என்றார். மகளிடம் நீட்டி, "ஈக நீனு குடி, புட்டி" என்றார். இப்போது நீ குடி என்று அவ்வளவு செல்லமாகச் சொல்கிறார், இவளோ இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேடம் மறுபடி உறிஞ்சி மறுபடி நீட்டினார். இவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மூன்றாம் தடவை தலையை வேறு ஆட்டினாள். அடுத்து ஒரு கரண்டியைப் பொம்மையின் வாயில் வைத்துவிட்டு இவள் வாய்க்குக் கொண்டுவந்தார். பூட்டுப் போட்டதுபோல் உதட்டை மூடிக்கொண்டாள். மேடம் தாளில் ஏதோ எழுதினார். எனக்கு அந்தப் பேனா நகர்வது மட்டும்தான் தெரிந்தது.

முடிந்ததும் எங்களிடம் மென்மையாகத்தான் சொன்னார். பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் பாவனை விளையாட்டு வரவில்லை, ஒருவர் செய்வதைப் பார்த்துச் செய்வதும் இல்லை. இந்த வயதில் இரண்டும் வந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கிறேன். அப்போதும் இப்படியே இருந்தால் குழந்தைகள் டாக்டருக்கு எழுதிக் கொடுக்கிறேன், இந்த வருஷம் பள்ளியில் சேர்க்க வேண்டாம்.

மனைவி ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் திருப்பத்திலேயே அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, அந்த மிஸ்ஸு எச்சில் பண்ணிட்டு எனக்குக் குடுக்கறாங்கப்பா. ச்சீ!"

ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அட கடவுளே, குழந்தை தவறே செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள். அப்படியே திரும்பிப் போய் மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எனக்கே தெரியும்; போனால் சண்டையில் முடியும். அது மட்டும் இல்லை, ஒருவேளை மேடம் சொன்னதும் உண்மையாக இருந்தால்? எச்சில் ஒரு சாக்காக மட்டும் இருந்தால்? அந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவியிடமும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அவள் சாப்பிடும்போதும் போனில் எதையோ படித்துக்கொண்டே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தால் திரையைக் கவிழ்த்துவிடுவாள்.

நான் ஒரு தமிழ் அப்பன். பரீட்சையில் தேறவில்லை என்றால் என்ன செய்வோம்? டியூஷன் வைப்போம். மறுநாளே தேவராஜ மொஹல்லாவுக்குப் போய், சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு விளையாட்டுக் கோப்பை செட் வாங்கிவந்தேன். ரோஜா நிறம், ஆறு கோப்பை, ஒரு கெட்டில். ஹாலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "கண்ணு, இப்ப அப்பா காபி குடிக்கறேன் பாரு, அப்புறம் நீ" என்று ஆரம்பித்தேன். ஆனால் பாருங்கள், அந்தக் கோப்பையை அவள் ஏற்கெனவே ஒரு முறை நக்கிப் பார்த்திருந்தாள். என்னால் அதை உதட்டில் வைக்க முடியவில்லை. ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினேன். அவளும் ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்து உறிஞ்சினாள். "உதட்டுல வை!" என்றேன். "நீ வெக்கலியே" என்றாள்.

இப்படி ஐந்து நாள். ஆறாவது நாள் பொறுமை போய்க் கத்திவிட்டேன். அவள் அழுது, செட்டை உதைத்துத் தள்ளி, அதற்குப் பிறகு அதன் பக்கமே போகவில்லை. வங்கியிலிருந்து வந்த மனைவி, சோபாவுக்கு அடியில் கிடந்த கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரீ, ஏனாயித்து?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. ஸ்கூட்டரில் மகள் சொன்னது, நான் சொல்லாமல் மறைத்தது, ஒரு அங்குலம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எல்லா நீவே மாடித்து!" என்று கெட்டிலைத் தூக்கி என்மேல் எறிந்தாள். எல்லாம் நீங்கள் செய்த வேலைதான் என்கிறாள். "ஒரு வாரமா நான் போன்ல என்னென்னவோ படிச்சுப் படிச்சு சாகறேன். நீங்க வாயில கொழுக்கட்டை வெச்சிட்டு உக்காந்திருக்கீங்க!" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அதே அழுகையோடு சிரித்தாள். "உங்க தலை. உங்க எஞ்சலு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அது மட்டும்தான் காரணம்னு எப்படித் தெரியும்?" என்றாள். அதே கேள்விதான் எனக்கும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே தகரக் கொட்டகை போட்டு ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் தாலுகா கௌதள்ளியிலிருந்து வந்த தமிழர்கள். புருஷன் கொத்தனார், மனைவி சித்தாள். அவர்களுக்கு ஒரு பெண், என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். நடக்கப் பழகும் தம்பி ஒருத்தன். அந்த அம்மா எங்கள் வெளிக்குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். வெயிலாக இருக்கிறதே என்று ஒருமுறை பேப்பர் கப்பில் மோர் கொடுத்தேன். "சொம்புல குடுத்தாலும் சரிங் சார், தூக்கித்தான் குடிப்பேன்" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சொம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. என் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆனால் என் மகள் அந்தப் பெண்ணோடு எதிர்வீட்டு மணல் குவியலில் கிடப்பாள். எனக்குப் பிடிக்காது. மணல், சிமெண்ட், ஈ. மனைவிதான் போகட்டும் விடுங்கள் என்பாள். வீட்டில் சண்டை நடந்து இரண்டு நாள் இருக்கும். நாலு மணி வாக்கில் ஆபீஸ் மீட்டிங். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்றிருந்தேன். கீழே மணலில் என் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அந்தப் பெண், விருந்தாளி.

"காப்பி சூடாக் கெடக்குதுங்க. ஆத்திக் குடுங்க" என்கிறது விருந்தாளி.

என் மகள் இரண்டு பெயிண்ட் டப்பா மூடிகளை எடுத்து, ஒன்றை மேலே தூக்கி ஒன்றைக் கீழே பிடித்து, காற்றை ஆற்றினாள். ஆற்றிவிட்டுத் தான் முதலில் ருசி பார்த்தாள். எப்படி? தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மூடியை வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்து, அண்ணாந்து. தொண்டை ஏறி இறங்கியது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சர்க்கரை கம்மி" என்றாள். அடிப்பாவி! அச்சு அசல் நான்.

அதற்குள் அந்தத் தம்பிப் பயல் தவழ்ந்து வந்து ஒரு மூடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். "ஐயோ, எச்சில்!" என்று என் மகள் குதித்தாள். மூடியைப் பிடுங்கி, ஒரு செங்கல்லைக் குழாய்போல் திருகி, "ஷ்ஷ்ஷ்" என்று வாயால் தண்ணீர் விட்டுக் கழுவி, கவுனில் துடைத்து, மறுபடி காபி ஊற்றி விருந்தாளிக்கு நீட்டினாள். வலது கையால்.

மீட்டிங்கில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. ஹெட்செட்டோடு, வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினேன். ஜல்லி சலித்துக்கொண்டிருந்த அந்த அம்மா பயந்து எழுந்துவிட்டாள்.

"ஏனுங் சார், ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. பாப்பா காபி போடறா."

"அது தெனமும் போடறதுதானுங். எப்பப் பாரு கழுவோணும் கழுவோணும்னு சொல்லிச் சொல்லி, எங்க புள்ளையும் இப்ப என்னையே வெரட்டறா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. பாவனை விளையாட்டு வரவில்லையாம்! இங்கே மணலில் ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருக்கிறது.

அங்கேயே நின்றேன். அந்தப் பெண் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கடலைமிட்டாய் எடுத்தாள். ஒன்றுதான் இருந்தது. பாவாடை நுனியை அதன்மேல் போர்த்தி, துணியோடு சேர்த்துக் கடித்து இரண்டாக உடைத்தாள். பாதியை என் மகளிடம் நீட்டி, "காக்காக்கடி. எச்சிலில்ல, தின்னு" என்றாள். என் மகள் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், ஒரு யோசனையும் இல்லாமல்.

குவார்ட்டர்ஸில் நாங்களும் இதைச் செய்வோம். தப்பு, மற்றவர்கள் செய்வார்கள். கொய்யாக்காயைச் சட்டையில் சுற்றிக் கடித்து ஆளுக்குப் பாதி. எங்கள் வீட்டில் மட்டும் அதுவும் செல்லாது. "துணியில எச்சில் ஊறாதா?" என்று அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். ஆகையால் எனக்கு யாரும் நீட்டவே மாட்டார்கள். "அவன் திங்க மாட்டான்டா" என்பார்கள். எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. மணலருகே நின்றபோது பெருமையாக இல்லை.

மறுமுறை பள்ளிக்குப் போகும் நாள் வந்தது. மனைவி அரைநாள் லீவு போட்டிருந்தாள். எச்சில் என்றால் என்ன, அண்ணாந்து குடிப்பது என்றால் என்ன என்று நான் இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி அச்செடுத்து வைத்திருந்தேன். அதைப் பிடுங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டாள். "அங்க வாயத் தொறந்தீங்கன்னா ஆட்டோ வெச்சி வீட்டுக்கு அனுப்பிடுவேன். சும்னே இரிங்க" என்றாள். அதே குட்டி நாற்காலி. அதே பாய். அதே கோப்பை.

மேடம் உறிஞ்சினார். "ஆஹா!" என்றார். நீட்டினார்.

மகள் கோப்பையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மனைவி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மகள் கோப்பையை வாங்கினாள். வாங்கியவள் எழுந்து அறையின் மூலைக்கு நடந்துபோய், சுவரில் இல்லாத குழாயைத் திருகினாள். "ஷ்ஷ்ஷ்." தேய்த்துக் கழுவினாள். கவுனில் துடைத்தாள். குழாயை மூட மறந்து, பாதி வழி வந்து, திரும்பிப் போய் மூடினாள். பாய்க்கு வந்து உட்கார்ந்து, கெட்டிலே இல்லாமல் காபி ஊற்றி, ஆற்றி, அண்ணாந்து குடித்துவிட்டு, "ஈக நிமகே" என்று மேடத்திடம் நீட்டினாள். இப்போது உங்களுக்கு.

மேடத்தின் பேனா எழுதவில்லை. எங்களைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை. "எச்சில் மேடம், எச்சில்! நீங்க வாய் வெச்சிட்டீங்க!" என்று கத்திவிட்டேன். மனைவி என் காலை மிதித்தாள்.

மேடம் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அய்யோ, எஞ்சலா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நம்ம மனேலூ ஹாகே, எங்கள் வீட்டிலும் அப்படித்தானே என்றார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் கோப்பையை இப்படித்தான் நீட்டிக் காட்டினார்களாம், அவரும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாராம். போன முறை எழுதிய வரியின்மேல் நீளமாக ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் சத்தம் எனக்குக் கேட்டது.

மகளுக்கு எங்கள் சிரிப்பில் அக்கறை இல்லை. கவுன் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்தாள். காலையில் எதிர்வீட்டுப் பெண் கொடுத்தது. கவுன் நுனியால் சுற்றி, கடித்து, ஒரு துண்டை மேடத்திடம் நீட்டினாள்.

"காகெ எஞ்சலு!" என்று மேடம் கூவினார். காக்கையின் எச்சில். கன்னடத்தில் அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. "நாவூ மாட்திவி!" என்று அவளும் கூவினாள், நாங்களும் செய்வோம் என்று. இருவரும் பள்ளிக்கூடப் பெண்களாகிப் பெப்பர்மிண்ட், புளியங்காய் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேடம் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டே கடைசித் தாளில் கையெழுத்திட்டார். ஜூன் மாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டரில் சாவியைப் போடவே இரண்டு தடவை ஆயிற்று. மகள் அடுத்த துண்டையும் கவுனில் வைத்து உடைத்து அம்மாவுக்குக் கொடுத்தாள். மிச்சம் சுண்டுவிரல் நகமளவு இருந்தது. கவுன் நுனியால் சுற்றிப் பார்த்தாள், சுற்ற வரவில்லை, நழுவியது. சரி என்று அப்படியே பல்லால் கடித்துவிட்டாள். கடித்த பிறகுதான் நான் ஒருவன் நிற்பது நினைவுக்கு வந்தது. ஈரமான அந்தத் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"இது எச்சில் ஆயிடுச்சுப்பா" என்றாள், மிகவும் வருத்தமாக. "நீ திங்க மாட்டே, இல்ல?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனிந்து வாயைத் திறந்தேன். மிட்டாயில் இரண்டு மணல் துகள் இருந்தது. துப்பவில்லை.